சங்கிலி போடும் முறையீடு

விடியற்காலையில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பால் கேன் கட்டிக்கொண்டு ஓடும் பைக்குகளைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேளுங்கள். சிலவற்றின் இன்ஜின் கரகரக்கும். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று தள்ளிவிடுகிறோம். பல நேரம் அது தேய்ந்த டைமிங் செயின் போடும் முறையீடு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் 2 சுற்று சுற்றினால் வால்வுகளைத் திறக்கும் கேம் 1 சுற்று. இந்தக் கணக்கைக் காப்பது அந்தச் சங்கிலிதான். ஆடிப்பூரத் தேரின் வடம் தளர்ந்தால் தேர் நிற்கும், அவ்வளவுதான். இங்கே சங்கிலி தளர்ந்து பல் தாண்டினால் வால்வு திறக்கும் நேரம் தப்பும். பல இன்ஜின்களில் பிஸ்டன் இடித்து வால்வே வளைந்துவிடும். சிக்கனம் என்று செயினை மட்டும் மாற்றச் சொல்வது இன்னொரு தவறு. மொட்டையான பல்சக்கரம் (ஸ்பிராக்கெட்) புதுச் செயினையும் சீக்கிரமே தின்றுவிடும். ஸ்பிராக்கெட், கைடு, டென்ஷனர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். புதுச் செயின் போட்டு டைமிங் குறிகளைப் பொருத்தியபின் கிராங்கைக் கையாலேயே 2 முழுச் சுற்று சுற்றி, குறிகள் மறுபடி நேராக நிற்கின்றனவா என்று பார்க்காமல் மூடும் மெக்கானிக் அவசரக்காரர். ஆயிலை நேரத்துக்கு மாற்றியிருந்தால் இந்த வேலையே தள்ளிப்போயிருக்கும். மில்லில் நூற்பு ஃபிரேமின் சத்தம் மாறினால் சட்டென்று திரும்பிப் பார்க்கிற ஊர் ராஜபாளையம். அந்தக் காதை வாசலில் நிற்கும் வண்டிக்கும் கொஞ்சம் கொடுக்கலாமே!