வேர்முடிச்சு கற்பித்த பாடம்

உயிரியல், உயிர்களைக் கற்கும் கல்வி. ஆயினும் செயல்திட்டம் என்ற பெயரில் பள்ளிகளில் மதிப்பெண் பெறுபவை பெரும்பாலும் தெர்மாக்கோலும் வண்ணத்தாளுமே. அழகிய படைப்பு வேறு, படைப்பாற்றல் வேறு. வினாவைத் தானே எழுப்பி, விடையைத் தானே தேடுவதே படைப்பாற்றல் எனலாம்.

கோவில்பட்டிக் கரிசலில் அதற்குப் பொருட்பஞ்சம் இல்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கும் உளுந்தும் பாசிப்பயறும் நம் புன்செயிலேயே உள்ளன. பள்ளி நாட்களில், ஒரு மாதப் பயிரான உளுந்துச் செடிகளை மண்ணோடு பெயர்த்து, வேர் கழுவி, முடிச்சுகளை எண்ணினோம். சிலவற்றைக் கீறியபோது உட்புறம் இளஞ்சிவப்பாய் இருந்தது. லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. ரைசோபியம் நுண்ணுயிர் காற்றின் தழைச்சத்தைச் செடிக்கு உணவாக்குகிறது என்பதற்கு அடையாளம். தழைச்சத்து உரம் மிகுந்தால் முடிச்சுகள் குறையும் என்று நூல் கூறும். யூரியா இட்ட செடியையும் இடாத செடியையும் அருகருகே வைத்து எண்ணுபவனுக்கோ அது மனப்பாடம் அன்று, அறிவு.

1901-இல் தொடங்கப்பெற்ற கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் இம்மண்ணை வினவியே வளர்ந்தது. 1993 முதல் நாடெங்கும் நடைபெற்றுவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு எதிர்பார்ப்பதும் உள்ளூர்ச் சிக்கலை ஆராயும் செயல்திட்டங்களையே.

தெர்மாக்கோல் வாங்க இயலாத மானாவாரி உழவர்வீட்டுப் பிள்ளை அலங்காரப் போட்டியில் பின்தங்குவான். முடிச்சு எண்ணும் போட்டியில் முந்துவான். அவனுக்குத் தந்தையின் அனுபவமே நூலகம். ஆதலின் ஆசிரியப் பெருமக்கள் மாதிரியின் பளபளப்பை விடுத்து, மாணவனின் குறிப்பேட்டுக்கு மதிப்பெண் வழங்குதல் வேண்டும். அதில் மண்கறை படிந்திருப்பினும் குற்றமில்லை.