சுவரில் தொங்கும் துணிக்குப் பெயர் உண்டு, நெய்தவருக்கு இல்லை

கல்வியாண்டு முடியும் ஏப்ரல், மே மாதங்களில் கலை, வடிவமைப்புக் கல்லூரிகளில் முதுநிலை இறுதியாண்டு மாணவர்களின் கண்காட்சிகள் தொடங்கிவிடும். ஜவுளி, இழைக்கலைத் துறைகளின் அரங்கைப் பார்த்தால் கண் நிறைந்துவிடும். கூரையிலிருந்து தொங்கும் சணல், அவுரி ஏறிய கதர், முடிச்சு முடிச்சாகக் கம்பளி. பக்கத்தில் ஒரு சிறு அட்டை. மாணவர் பெயர், வழிகாட்டிப் பேராசிரியர் பெயர், பொருள், அளவு. சில அட்டைகளில் கடைசியாக இன்னொரு வரியும் இருக்கும்: "கட்ச் கைவினைஞர்களுடன் இணைந்து." இந்தக் கடைசி வரியைப் பற்றித்தான் நாங்கள் பேச விரும்புகிறோம்.

யார் அந்தக் கைவினைஞர்கள்? கட்ச் பகுதியின் புஜோடி போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாகத் தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் வண்கர்கள். வண்கர் என்றால் குஜராத்தியில் நெய்பவர். அரசு ஆவணத்தில் பட்டியல் சாதி. பெயரை எழுதினால் சாதி தெரியும், சாதி தெரிந்தால் அரங்கின் அழகு கெட்டுவிடும் என்று நினைக்கிறார்கள் போலும். ஆகவே 'கைவினைஞர்' என்று ஒரு வழவழப்பான சொல். (நாம் மட்டும் யோக்கியமா? தமிழ்நாட்டு நெசவு என்றதும் தேவாங்கர், செங்குந்தர், சாலியர் என்று அடுக்குகிறோம். பட்டியல் சாதி நெசவாளர்களான கோலியரைச் சொல்பவர் எத்தனை பேர்?)

மேற்கில் இந்தக் கலையின் வரலாறே ஓர் அவமதிப்பிலிருந்து தொடங்குகிறது. 1919இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளி, ஆணும் பெண்ணும் சமம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டு, பெண்களை நெசவுப் பட்டறைக்குள் தள்ளியது. ஆனி ஆல்பர்ஸ் அப்படித்தான் தறிக்கு வந்தார். அந்தத் தறியிலிருந்தே அவரும் குன்டா ஷ்டோல்ஸ்லும் நெசவைக் கலையாக நிமிர்த்தினார்கள். 1969இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இழைக்கலைக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. நெசவு பெண்களின் கைவேலை, ஆகவே கலை இல்லை என்ற இழிவைப் பெண்ணியவாதிகள் உடைத்த கதை இது. நல்ல கதை. நமது முதுநிலை மாணவர்கள் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் இதைத் தவறாமல் எழுதுகிறார்கள்.

அகமதாபாத் கதையை ஏன் எழுதுவதில்லை? பம்பாயிலும் அகமதாபாத்திலும் ஆலைகள் ஓடிய காலத்தில் தலித் தொழிலாளிக்கு நூற்புப் பிரிவில் இடமுண்டு, நெசவுப் பிரிவில் இல்லை. கூலி அதிகம் நெசவில்தான். சொல்லப்பட்ட காரணம் என்ன தெரியுமா? தார் தீர்ந்ததும் புதுத் தாரை நாடாவுக்குள் வைத்து, நூல் முனையை அதன் துளை வழியாக வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித் வாய் வைத்த நாடாவில் சாதி இந்து வாய் வைப்பானா? 1928 பம்பாய் வேலைநிறுத்தத்தின்போது, இந்தத் தடையை நீக்குவதையும் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும் என்று அண்ணல் அம்பேத்கர் வற்புறுத்தினார். கிராமத்தில் நெய்வதே தொழிலாகக் கொண்ட சாதி, நகரத்தின் நெசவுப் பிரிவுக்குள் நுழையக் கூடாது! எச்சிலுக்கும் நூலுக்கும் தீண்டாமைக்கும் இடையிலான இந்த வரலாற்றைவிட இழைக்கலைக்கு நெருக்கமான பொருள் வேறென்ன இருக்க முடியும்?

இப்போது இந்த ஆண்டுக் கதை. நாங்கள் உதவித்தொகை விண்ணப்பங்களில் துணை நிற்கும் மாணவிகளில் ஒருவர், நெசவுக் குடும்பத்துப் பெண், ஒரு கல்லூரியில் முதுநிலை முடிக்கிறார். தன் கையாலேயே பாவு ஓட்டி, தன் கையாலேயே நெய்தார். இறுதி மதிப்பீட்டில் நடுவர்கள் சொன்னது: "நெசவு சுத்தமாக இருக்கிறது. ஆனால் இது கைத்தொழில், கலையாகவில்லை." அதே அரங்கில், கூலிக்கு நெய்யவைத்துக் கொண்டுவந்து தொங்கவிட்ட துணி 'கருத்தாக்கம்' ஆகிவிட்டது. ஆதிக்கச் சாதி மாணவர் தறியைத் தொட்டால் அது தேர்வு, தேடல். நம் பெண் தொட்டால் குலத்தொழில். பெண்களுக்கு பௌஹவுஸ் செய்ததை இவர்கள் நமக்குச் செய்கிறார்கள், அதுவும் பௌஹவுஸைக் கண்டித்து எழுதியபடியே.

பணத்துக்கு வருவோம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். பராமரிப்புத் தொகை, உயர்ந்த பிரிவில் விடுதி மாணவருக்கே ஆண்டுக்கு 13,500 ரூபாய். அதுவும் கண்காட்சி முடிந்த பிறகுதான் பலருக்கு வந்து சேர்கிறது. நூல், சட்டம், விளக்கு, வண்டி வாடகை, மலர் அச்சிட ஆளுக்கு இவ்வளவு என்று துறை வசூலிக்கும் பங்கு எல்லாம் முன்பணம். இந்தப் பெண் பன்னிரண்டு அடிக்குத் திட்டமிட்ட துணியை ஐந்து அடியில் நிறுத்திக்கொண்டார். "அளவில் துணிச்சல் போதவில்லை" என்று அதற்கும் குறிப்பெழுதினார்கள். துணிச்சல் கிலோ என்ன விலை என்று நூல் கடையில் கேட்டிருக்க வேண்டும்.

'எல்லாவற்றிலும் சாதியைத் தேடுகிறீர்கள்' என்று பேராசிரியர் ஒருவர் எங்களிடம் சலித்துக்கொண்டார். நாங்கள் தேடவில்லை ஐயா, பாவும் ஊடையுமாக அது உள்ளேயே இருக்கிறது. யாரும் தறியைத் தொடக் கூடாது என்றும் நாங்கள் சொல்லவில்லை. தாராளமாக நெய்யுங்கள். நெய்யவைத்தால் அட்டையில் நெய்தவர் பெயர், ஊர், கொடுத்த கூலி மூன்றையும் எழுதுங்கள். படைப்பு விற்றால் பங்கு கொடுங்கள். மதிப்பீட்டுக் குழுவில் ஒரு தலித் கலைஞரையாவது உட்காரவையுங்கள். உதவித்தொகை வராத மாணவரிடம் கண்காட்சிப் பங்கைக் கேட்காதீர்கள்.

அந்தப் பெண்ணின் மதிப்பெண் பட்டியல் இன்னும் கல்லூரி அலுவலகத்தில்தான் இருக்கிறது. 'நிலுவை இல்லை' சான்று கேட்கிறார்கள். உதவித்தொகை இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை நாங்கள் நான்கு பேர் அவருடன் போகிறோம்.