யார் மீது இந்தக் கோபம்?

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பழமொழி. ஆனால், ஒரு தலைவர் சபையில் கொதித்தெழும்போது நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கோபம் யார் மீது? யாருக்காக? அது தணிந்த பின் மக்களுக்கு மிஞ்சியது என்ன?

1960 அக்டோபர் 12. நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை. காலனி ஆட்சி ஒழிய வேண்டும் என்பது சோவியத் பிரதமர் குருஷ்சேவின் கோரிக்கை. பிலிப்பைன்ஸ் பிரதிநிதி எழுந்தார். கிழக்கு ஐரோப்பிய மக்களின் உரிமை பறிபோனதையும் பேச வேண்டும் என்றார். குருஷ்சேவ் சீறினார். அமெரிக்க ஏகாதிபத்தியத்தின் எடுபிடி என்று அவரை ஏசினார். காலணியைக் கழற்றி மேஜையில் தட்டினாரா, ஓங்கியதோடு நிறுத்தினாரா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை.

முதலாளித்துவப் பத்திரிகைகள் அந்தக் காலணியைப் பிடித்துக் கொண்டன. காரியமோ வேறிடத்தில் நடந்தது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் 43 ஒன்றுகூடித் தீர்மானம் தயாரித்தன. டிசம்பர் 14-ல் அது 89 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், போர்ச்சுகல் உள்ளிட்ட 9 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. ஆதரிக்க மனமில்லை, எதிர்க்கத் துணிவில்லை!

அடிமை நாடுகளுக்காக எழுந்த கோபம் நியாயமானது. கேள்வி கேட்டவர் மீது பாய்ந்த கோபம் பதிலாகாது.

தோழர்களே! மில் வாசலிலோ வயல் வரப்பிலோ, மேஜையைத் தட்டும் தலைவருக்குக் கைதட்டுமுன் யோசிப்போம். அவருடைய கோபம் நம் கூலிக்காகவா, அவருடைய கௌரவத்துக்காகவா? நமக்காகவே என்றாலும் அது போதாது. தலைவரின் கோபம் ஒரு நாள் செய்தி. ஒன்றுபட்டவர்களின் உறுதியே தீர்மானமாகும்.