சுழி மேல் ஒரு பழி

முகூர்த்த நாள் காலையில் கொடுங்கையூரில் எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை ஓரமாக நின்றால், குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஒரு வெள்ளைக் குதிரை கல்யாணத்துக்குப் போவதைப் பார்க்கலாம். முன்னால் குப்பை லாரி. பின்னால் துறைமுகத்துக்குப் போகும் நாற்பதடி கண்டெய்னர் ட்ரெய்லர். நடுவில் அந்தக் குதிரை, தலைக்கயிறு கேபின் கம்பியோடு ஒட்டிக் கட்டப்பட்டு, வெள்ளை விழி தெரிய, நாலு காலும் வெடவெடக்க நிற்கும். பக்கத்தில் கையில் குச்சியோடு ஒரு பையன். கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அதுக்கு சுழி சரியில்லண்ணா. வண்டின்னாலே திமிரு. நாலு போட்டா அடங்கிடும்."

சுழி கெட்டது, திமிர் பிடித்தது, அடித்துக் கட்டினால் அடங்கும். கொடுங்கையூரில் மட்டும் இல்லை, அந்தியூர்ச் சந்தையிலும் இதே பாட்டுதான். குதிரை வளர்க்காதவர்கள்கூட இதை நம்புகிறார்கள். மூன்றுமே பொய். அதிலும் மூன்றாவது, குதிரையின் காலை முறிக்கிற பொய்.

முதலில் சுழியை எடுத்துக்கொள்வோம். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் குதிரைச் சந்தையில், வாங்க வருகிறவர் பல்லைப் பார்ப்பதற்கு முன்பே சுழியைத்தான் தேடுவார். மயிர் சுழன்று முளைத்த இடத்தை வைத்து ராஜ சுழி என்பார்கள், குடும்பத்தை அழிக்கும் சுழி என்பார்கள். நெற்றிச் சுழி இருக்கும் இடத்துக்கும் மாடு, குதிரைகளின் சுபாவத்துக்கும் தொடர்பு உண்டா என்று வெளிநாடுகளில் ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ஏதோ கொஞ்சம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே கல்யாணக் குதிரை பேண்டு வாத்தியம், பத்தாயிரம் வாலா, ஜெனரேட்டர் விளக்கு, செல்போன் வெளிச்சம் எல்லாவற்றுக்கும் நடுவே மாப்பிள்ளையைச் சுமந்துகொண்டு அசையாமல் நிற்கிறதே, அப்போது அந்தச் சுழி எங்கே போனது? சரவெடிக்கு மிரளாத குதிரை மூலக்கடை வளைவில் மிரள்கிறது என்றால், மாறியது குதிரை இல்லை. அதன் காலடித் தரை.

இந்தத் தரையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. குட்டி யானையின் தளம் ஏறக்குறைய ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம். பக்கப் பலகை ஓரடி உயரம் இருந்தால் அதிகம். தளம் முழுக்க இரும்புத் தகடு. அதன் மேல் நிற்பது இரும்பு லாடம் அடித்த நாலு குளம்புகள். பயத்தில் குதிரை சிறுநீர் கழித்துவிட்டால், இரும்பின் மேல் ஈரம், ஈரத்தின் மேல் இரும்பு. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய அறுபது சதவீதத்தை முன்னங்கால்களே தாங்குகின்றன. பிரேக் பிடிக்கும்போது மிச்சமும் முன்னால் சரிகிறது. வளைவில் பக்கவாட்டில் சரிகிறது. அப்போது கால்களை அகட்டி வைத்துக்கொள்ளத்தான் குதிரை பார்க்கும். அகட்ட இடமில்லையென்றால், அல்லது அகட்டிய கால் வழுக்கினால், பக்கத்தடுப்பில் சாய்ந்துகொண்டு கால்களை மாற்றி மாற்றி உதைக்கத் தொடங்கும். இதைப் பார்த்துத்தான் "துள்ளுது, திமிர்" என்கிறார்கள். அது துள்ளவில்லை. விழாமல் இருக்கப் போராடுகிறது.

நாலு கால் தவிர, குதிரைக்குச் சமநிலை தரும் இன்னொரு உறுப்பு அதன் தலையும் நீண்ட கழுத்தும். கழுத்தை இறக்கியும் ஏற்றியும் பக்கவாட்டில் நீட்டியும்தான் உடம்பின் ஆட்டத்தைச் சரிக்கட்டுகிறது. நாமோ முதல் வேலையாக அந்தத் தலையைத்தான் கம்பியோடு சேர்த்துக் கட்டுகிறோம். மாநகரப் பேருந்தில் கைகளைப் பின்னால் கட்டிவிட்டு உங்களைப் படிக்கட்டருகே நிறுத்தினால், வியாசர்பாடி வருவதற்குள் நீங்களும் நாலு பேரை மிதித்திருப்பீர்கள். உங்களுக்கும் சுழி சரியில்லை என்று யாராவது சொல்லக்கூடும்.

தலையைத் தூக்கிக் கட்டுவதால் வரும் கேடு கண்ணுக்குத் தெரியாமலும் நடக்கிறது. குதிரை தலையைத் தாழ்த்தித்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியையும் தூசியையும் வெளியேற்றும். நீண்ட நேரம் தலையை உயர்த்தியே கட்டிவைத்தால் கிருமிகள் கீழே இறங்கிப் பெருகுகின்றன என்று ஆஸ்திரேலியாவில் 1990ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ராஜஸ்தானிலிருந்தும் குஜராத்திலிருந்தும் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகள் நாள்கணக்கில் லாரியில் வருகின்றன. வந்து இறங்கியதும் காய்ச்சலும் இருமலுமாகச் சுருண்டு படுக்கிற குதிரையைப் பார்த்து "ஊர்த் தண்ணி ஒத்துக்கல" என்பார்கள். தண்ணீர்மேல் ஒரு பழி. கயிற்றை மட்டும் யாரும் குற்றம் சொல்வதில்லை.

அடுத்தது அடி. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று பழமொழியே வைத்திருக்கிற ஊர் நமது. அடித்தால் குதிரை வண்டியில் ஏறும் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. வலியும் பயமும் இரண்டு பக்கமும் இருக்கும்போது, குறைந்த பயம் உள்ள பக்கம் அது போகும். ஆனால் அந்த நாளிலிருந்து வண்டியும் வலியும் அதன் நினைவில் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. அடுத்த தடவை வண்டியைத் தூரத்தில் பார்த்ததுமே வியர்க்கும், கழியும். இன்னும் இரண்டு அடி கூடுதலாக வேண்டியிருக்கும். ஏறியபின் சிலை மாதிரி நின்றால் "பார்த்தியா, அடங்கிடுச்சு" என்பார்கள். அந்த நேரத்தில் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தால் தெரியும், இதயம் எப்படி அடிக்கிறதென்று. பயத்தில் உறைந்த மிருகத்தை அடங்கிய மிருகம் என்று எண்ணுவதால்தான், அது ஒருநாள் மாதவரம் ரவுண்டானா அருகே ஓர் ஏர் ஹாரன் சத்தத்துக்குக் கயிற்றை அறுத்துக்கொண்டு குதிக்கும்போது "திடீர்னு பைத்தியம் பிடிச்சிருச்சு" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. திடீரென்று ஒன்றும் பிடிக்கவில்லை.

சிலர் நாகரிகமாக, "ஊசி போட்டு ஏத்தலாமே" என்பார்கள். மயக்க மருந்து பயத்தைக் குறைக்கும்போது கால்களின் பிடிப்பையும் சேர்த்தே குறைக்கிறது. ஆடும் தளத்தில் தள்ளாடும் குதிரை. கால்நடை மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. மருந்துக்கடையில் வாங்கி நாமே குத்துகிற வேலை இல்லை.

குதிரையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்ற கெட்ட பெயர் நமக்குப் புதிதல்ல. பாண்டிய நாட்டில் கடல் வழியாக ஆயிரக்கணக்கில் குதிரைகள் வந்து இறங்கியும், பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளில்லாமல் பெரும்பாலானவை செத்துப்போகின்றன என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்தார். அரபு வணிகர்களுக்கு அதில் லாபம்தான், அடுத்த ஆண்டும் விற்கலாமே. பின்னால் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து குதிரைகள் வந்தன. துறைமுகம் கட்டாத அந்தக் காலத்தில் சென்னைக் கரையில் அவற்றை இறக்குவதை 1834ல் ஜே. பி. ஈஸ்ட் என்பவர் கட்டுமரம், மசூலா படகுகளோடு படமாக வரைந்திருக்கிறார். வாரக்கணக்கில் ஆடும் கப்பலில் அந்தக் குதிரைகளைக் கொண்டுவந்தவர்கள் ஜீவகாருண்யர்கள் அல்ல. ஆனாலும் குளம்பு வழுக்காமலிருக்கத் தரையில் சட்டம் அடித்தார்கள், உரசும் இடங்களில் மெத்தை கட்டினார்கள். செத்த குதிரைக்கு யாரும் காசு தர மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் சட்டப் புத்தகத்திலும் இதெல்லாம் உண்டு. 1978ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளில் குதிரை, கோவேறு கழுதை, கழுதைக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. சாதாரணச் சரக்கு வண்டியில் ஏற்றினால் தரையில் வழுக்காத பொருள் விரிக்க வேண்டும். பக்கச் சட்டம் தாழ்வாக இருந்தால் உயர்த்த வேண்டும். குதிரைகளுக்கு நடுவே குறைந்தது 8 சென்டிமீட்டர் கனமுள்ள மூங்கில், பின்னால் இரண்டு பலமான குறுக்குச் சட்டங்கள். எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதபடி தலை இடப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். கூடவே ஓர் ஆள். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. இவற்றில் ஒரு வரிகூட குதிரையின் சுழியைப் பற்றிப் பேசவில்லை, எல்லாம் வண்டியைப் பற்றித்தான். மோட்டார் வாகன விதிகளின்படி ஒரு குதிரைக்கு 2.25 சதுர மீட்டர் இடம் வேண்டும். கணக்குப் போட்டால் ஒற்றைக் குதிரைக்குக் குட்டி யானையின் பரப்பு போதும், ஆகவே இடக் கணக்கில் ஏழைக் குதிரைக்காரர் சட்டத்துக்கு வெளியே இல்லை. பக்கமும் தரையும் கயிறும்தான் அவரைக் கவிழ்க்கின்றன. மீறினால் என்ன தண்டனை? 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். மூலக்கடையில் இரண்டு பேர் டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டால் ஆகிற காசு.

"ஊட்டி ரேசுக்குப் போன குதிரைக்குத் தனி லாரி, மெத்தை, சாய்வுப் பலகை எல்லாம் இருந்துச்சு சார், எங்களுக்கு எங்க?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதில் அவர்களே ஒன்றை ஒப்புக்கொள்கிறார்கள். கிண்டியிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஊட்டிப் பந்தயத்துக்குப் போய்வந்த குதிரைகளுக்கெல்லாம் நல்ல சுழி வாய்த்திருந்தது என்று யாரும் சொல்லவில்லையே. வித்தியாசம் லாரியில் இருந்தது.

அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியைக் கொடுங்கையூரிலேயே சில்லறைக் காசில் உண்டாக்கலாம். பழைய ரப்பர் பாய் அல்லது கனமான தென்னைநார் விரிப்பு, அதன் மேல் மணலோ மரத்தூளோ. சவுக்குக் கட்டையும் மூங்கிலும் கட்டி நெஞ்சளவுக்கு மேல் உயரும் பக்கச் சட்டம், உள்பக்கம் வைக்கோல் திணித்த கோணி. கால் அகட்ட இடம் விட்டு மட்டும் தடுப்பு போட வேண்டும். நெருக்கிப் பிடித்தால் குதிரை விழாது என்பது இன்னொரு தப்பான நம்பிக்கை. தலைக்கயிறு, கழுத்தை இறக்கவும் அசைக்கவும் விடுகிற நீளம், ஆனால் காலுக்குள் போகாத நீளம். ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சு. ஏற்றுவதற்குச் சாய்வுப் பலகை இல்லையென்றால், வண்டியின் தளத்துக்குச் சமமான மண் மேடு ஒன்று போதும். இந்தப் பக்கம் குப்பை மேட்டுக்கே பஞ்சமில்லை, மண் மேடா கிடைக்காது?

பழக்குவதற்குக் காசே தேவையில்லை, நாட்கள்தான் வேண்டும். வண்டியை மேட்டோரம் நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டு, கொள்ளும் புல்லும் அதற்குள்ளேயே வைக்கலாம். முன்னங்கால் இரண்டை வைத்துவிட்டுக் குதிரை பின்வாங்கினால் விட்டுவிடலாம். அடி எடுத்து வைத்த கணமே கயிற்றைத் தளர்த்த வேண்டும், அந்தத் தளர்வுதான் அதற்குப் பரிசு. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையும்போது குதிரையின் கண் பழக நம்மைவிட அதிக நேரம் எடுக்கும், ஆகவே மூடிய வண்டியென்றால் உள்ளே விளக்கு எரியட்டும். தானாக ஏறி, தானாக இறங்கி, மறுபடி ஏறிய பிறகுதான் என்ஜின் ஓட வேண்டும். பிறகு தெருமுனை வரை ஒரு சின்ன ஓட்டம். கூட்டத்தில் வாழும் மிருகம் அது, தெரிந்த இன்னொரு குதிரை துணைக்கு வந்தால் பாதிப் பயம் போய்விடும். அதற்கு வழியில்லாத இடத்தில் ஒரு கண்ணாடியை மாட்டினால்கூடத் தனிமைப் பதற்றம் குறைகிறது என்று இங்கிலாந்தில் 2009ல் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். அடிப்பதைவிட மலிவு.

இவ்வளவு செய்தும் நடுவழியில் மிரண்டால்? சட்டென்று பிரேக் அடிப்பதுதான் நம் முதல் தவறு, பின்கதவைத் திறப்பது இரண்டாவது. ட்ரெய்லர்கள் ஓடும் மணலி சாலையில் அவிழ்த்து விடப்பட்ட குதிரை தானும் சாகும், பைக்கில் வருபவரையும் கொல்லும். வேகத்தை மெல்லக் குறைத்து, போக்குவரத்து ஒதுங்கிய சமதரையில் நிறுத்த வேண்டும். உதைக்கும் குதிரையின் பக்கத்தில் ஏறக் கூடாது. வெளியிலிருந்தே பார்க்க வேண்டும்: கயிறு காலில் மாட்டியிருக்கிறதா, விரிப்பு சுருண்டுவிட்டதா, எங்காவது தகரம் படபடக்கிறதா, குளவி புகுந்ததா. கயிறு நெரித்தால் வெளியிலிருந்தே அறுக்கக் கத்தி ஒன்று எப்போதும் கேபினில் இருக்கட்டும். விழுந்துவிட்டால் வாலைப் பிடித்து இழுக்காமல் 1962க்கு அழைக்கலாம், கால்நடை ஆம்புலன்ஸ் எண் அது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பக்கத்து மாதவரத்தில்தான் இருக்கிறது. 1903ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. இவ்வளவு பக்கத்தில் படித்தவர்களை வைத்துக்கொண்டு, சுழி பார்ப்பவரிடம் யோசனை கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இறக்கும்போது முதலில் தலைக்கயிறு, அப்புறம்தான் பின்சட்டம். மாற்றிச் செய்தால், பின்னால் வெளிச்சத்தைக் கண்டு குதிரை பாயும், தலை கட்டிலேயே இருக்கும், மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தியூர் போகிறவர்கள் சுழியைப் பார்க்கட்டும், வேண்டாமென்று சொன்னால் கேட்கவா போகிறார்கள். கூடவே காதுக்குப் பின்னால் உச்சந்தலையில் கயிறு வெட்டிய தழும்பு இருக்கிறதா, வாலடியில் மயிர் தேய்ந்திருக்கிறதா, முழங்காலிலும் பின்னங்கால் முட்டியிலும் பழைய காயம் உண்டா என்று கையால் தடவிப் பார்க்கட்டும். விற்பவரிடம், ஊரிலிருந்து எந்த வண்டியில் கொண்டுவந்தீர்கள், கொஞ்சம் ஏற்றிக் காட்டுங்கள் என்று கேட்கட்டும்.