தண்டனைக்கும் ஒரு கடைசித் தேதி

செம்பரம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி தடா நீதிமன்றம் சில கிலோமீட்டர்தான். ராஜீவ் கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் அங்கே தூக்குத் தண்டனை. மறு ஆண்டே உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 19 பேர் வெளியே வந்தார்கள். வந்தவர்களுக்கு வாடகை வீடு யார் கொடுத்திருப்பார்கள்?

அவ்வளவு பெரிய வழக்கே வேண்டாம். ஒரு அடிதடியில் ஆறு மாதம் உள்ளே இருந்தவர் கம்பெனி வேலைக்குப் போனால், போலீஸ் வெரிஃபிகேஷனில் நிற்கிறார். 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடப்பட்டவரைத்தான் தகுதியிழப்பிலிருந்து காக்கிறது. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி பல பழைய தண்டனைகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் காலாவதி. இங்கும் நாடாளுமன்றம் அப்படியொரு சட்டம் இயற்றட்டும்.