ஹேக்கின்டாஷுக்கு மதர்போர்டு: எதை வாங்கலாம், எப்படி செட் பண்ணலாம், இப்போது வாங்கத்தான் வேண்டுமா?

இன்டெல் சிப்பில் ஓடும் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் டாஹோ 26தான் கடைசிப் பெரிய பதிப்பு என்று 2025 ஜூன் மாதம் நடந்த டெவலப்பர் மாநாட்டில் ஆப்பிள் அறிவித்துவிட்டது. அதன் பிறகு சில காலத்துக்குப் பாதுகாப்பு அப்டேட்கள் மட்டும் வரும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு செய்தி, அவ்வளவுதான். சாதாரண பிசியில் மேக்ஓஎஸ் போட்டு ஓட்டும் ஹேக்கின்டாஷ் பிரியர்களுக்கோ இது கெடு தேதி.

ஆனாலும் ஆசை விடவில்லை. "பழைய பிசி சும்மாதானே கிடக்கு, நல்ல போர்டா ஒண்ணு வாங்கிப் போட்டா மேக் ஆயிடும்ல?" என்ற கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது. ஆகும் என்பதுதான் பதில். ஆனால் அந்த 'நல்ல போர்டு' எது, அதை வாங்குவது லாபமா என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஹேக்கின்டாஷ் எப்படி வேலை செய்கிறது?

மேக்குகளை இன்டெல் ப்ராசசருக்கு மாற்றப்போவதாக ஆப்பிள் 2005இல் அறிவித்தது. 2006இல் முதல் இன்டெல் மேக்குகள் விற்பனைக்கு வந்தன. அன்று முதல் மேக்கின் உள்ளே இருந்தவை பெரும்பாலும் பிசியில் இருக்கும் அதே வகை பாகங்கள். அந்த ஒற்றுமைதான் ஹேக்கின்டாஷின் அஸ்திவாரம்.

இப்போது பெரும்பாலானோர் பயன்படுத்துவது ஓபன்கோர் என்ற பூட்லோடர். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் மேக்ஓஎஸ்ஸுக்கு முன்பே இது எழுந்து, "இது ஒரு ஐமேக்" என்று மேக்ஓஎஸ்ஸை நம்ப வைக்கிறது. கெக்ஸ்ட் எனப்படும் டிரைவர் கோப்புகளையும் ஏற்றிவிடுகிறது. மேக்கில் இருக்கும் எஸ்எம்சி சிப்பைப் போல நடிக்க ஒரு கெக்ஸ்ட், கிராஃபிக்ஸுக்கு ஒன்று, ஆடியோவுக்கு ஒன்று என்று இந்தப் பட்டியல் நீளும்.

ஏன் மதர்போர்டில்தான் சிக்கல்?

ப்ராசசரையும் கிராஃபிக்ஸ் கார்டையும் தேர்ந்தெடுப்பது எளிது. இன்டெல் 8 முதல் 10ஆம் தலைமுறை வரையிலான ப்ராசசர்களில் உள்ள யுஎச்டி 630 கிராஃபிக்ஸை மேக்ஓஎஸ்ஸுக்குத் தெரியும். 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த கிராஃபிக்ஸை அதற்குத் தெரியாது. தனி கார்டு என்றால் ஏஎம்டி ஆர்எக்ஸ் 580, ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6600 எக்ஸ்டி போன்றவை ஓடும். புதிய என்விடியா கார்டுகளுக்கு டிரைவரே கிடையாது. இது ஓடும், அது ஓடாது என்று முடிந்துவிடும்.

மதர்போர்டு அப்படியில்லை. நெட்வொர்க், ஆடியோ, யுஎஸ்பி, வைஃபை, கடிகாரம் என்று பல சிறிய சிப்கள் அதில் உட்கார்ந்திருக்கின்றன. ஆப்பிள் தன் மேக்குகளில் எந்த சிப்பைப் பயன்படுத்தியதோ அதற்கு மட்டும்தான் மேக்ஓஎஸ்ஸில் டிரைவர் இருக்கும். மற்றதற்கெல்லாம் யாரோ ஒரு தன்னார்வலர் எழுதிய கெக்ஸ்ட்டை நம்ப வேண்டும்.

அதனால் விண்டோஸ் கேமிங்குக்கு நல்ல போர்டு என்பது ஹேக்கின்டாஷுக்கும் நல்ல போர்டு ஆகிவிடாது. விலை ஏற ஏற கூடுதல் யுஎஸ்பி கன்ட்ரோலர், இரண்டாவது நெட்வொர்க் சிப், விளக்கு அலங்காரம் என்று சிப்கள் கூடும். சிப் கூடினால் தலைவலியும் கூடும். இங்கே ஜெயிப்பது வேகமான போர்டு அல்ல, சாதுவான போர்டு.

அப்போ எந்த போர்டு?

இன்றைய நிலையில் பொருத்தமானது, 10ஆம் தலைமுறை ப்ராசசருக்கான இசட்490 வகை. காரணம் எளிமையானது. 2020இல் வந்த 27 அங்குல ஐமேக்கில் இருந்ததும் 10ஆம் தலைமுறை இன்டெல் ப்ராசசர்தான். டாஹோ ஆதரிக்கும் மிகச் சில இன்டெல் மேக்குகளில் அந்த ஐமேக்கும் ஒன்று. ஆகவே இசட்490 போர்டு ஐமேக் வேஷம் போடும்போது உண்மைக்கு மிக அருகில் நிற்கிறது. தண்டர்போல்ட் 3 வேண்டும் என்பவர்கள் ஜிகாபைட்டின் இசட்490 விஷன் டி போர்டைத் தேடுவது இதனால்தான்.

அதற்கு முந்தைய இசட்390 போர்டும் மோசமில்லை. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஸ்டார்ட்அப் டிஸ்க் போன்ற செட்டிங்குகளை நினைவில் வைக்கும் என்விரேம் இந்த போர்டுகளில் மேக்ஓஎஸ்ஸுக்குத் தானாகக் கிடைக்காது. எஸ்எஸ்டிடி-பிஎம்சி என்ற சின்ன கோப்பைச் சேர்த்தால் சரியாகிவிடும். இரண்டு, இதற்கு இணையான 2019 ஐமேக் டாஹோ பட்டியலில் இல்லை. டாஹோ வேண்டுமென்றால் வேறு மாடலின் அடையாளத்தைக் கடன் வாங்க வேண்டும்.

போர்டை முடிவு செய்வதற்கு முன் அதன் விவரப் பட்டியலில் மூன்று வரிகளைத் தேடினால் போதும்:

• நெட்வொர்க் சிப்: இன்டெல் ஐ219-வி என்றால் நிம்மதி. ஐ225-வி என்றால் மேக்ஓஎஸ் பதிப்புக்குப் பதிப்பு கூடுதல் வேலை வரும்.

• ஆடியோ சிப்: ரியல்டெக் ஏஎல்சி1220, ஏஎல்சி892 போன்றவை நன்கு பழகியவை. ஆனால் டாஹோவில் ஆப்பிள் தன் பழைய ஆடியோ டிரைவரையே எடுத்துவிட்டது. அங்கே போர்டின் ஆடியோவோடு மல்லுக்கட்டுவதைவிட ஒரு யுஎஸ்பி சவுண்ட் அடாப்டர் வாங்குவது மேல்.

• வைஃபை: இன்டெல் வைஃபை கெக்ஸ்ட் மூலம் ஓடும், ஏர்டிராப் எதிர்பார்க்கக் கூடாது. முன்பு எல்லோரும் தேடி வாங்கிய பிராட்காம் கார்டுகளுக்கான ஆதரவை சோனோமா பதிப்பிலேயே ஆப்பிள் நிறுத்திவிட்டது. கேபிள் இணைப்பு இருந்தால் அதுவே உத்தமம்.

பயாஸில் என்ன மாற்ற வேண்டும்?

புது போர்டோ பழைய போர்டோ, முதலில் பயாஸை டிஃபால்ட் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

ஆஃப் செய்ய வேண்டியவை: ஃபாஸ்ட் பூட், செக்யூர் பூட், சிஎஸ்எம், சீரியல் போர்ட், இன்டெல் எஸ்ஜிஎக்ஸ். விடி-டியையும் ஆஃப் செய்யலாம். அது வேண்டும் என்பவர்கள் ஓபன்கோரில் அதற்கான செட்டிங்கை மாற்றிக்கொள்ளலாம்.

ஆன் செய்ய வேண்டியவை: விடி-எக்ஸ், அபவ் 4ஜி டீகோடிங், ஹைப்பர் திரெடிங், எக்ஸ்எச்சிஐ ஹேண்ட்-ஆஃப். சாட்டா மோட் ஏஎச்சிஐயில் இருக்க வேண்டும். போர்டின் கிராஃபிக்ஸைப் பயன்படுத்துபவர்கள் டிவிஎம்டி அளவை 64 எம்பியாக வைக்க வேண்டும்.

இதில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் சிஎஃப்ஜி லாக். ப்ராசசரின் மின்சக்தியை நிர்வகிக்கும் ஒரு ரெஜிஸ்டரில் மேக்ஓஎஸ் எழுதப் பார்க்கும். இந்தப் பூட்டு இருந்தால் எழுத முடியாது, பூட் ஆகாமல் அப்படியே நின்றுவிடும். சில போர்டுகளின் பயாஸிலேயே இதை ஆஃப் செய்யும் வசதி உண்டு. இல்லாதவற்றில் ஓபன்கோரின் ஒரு குவர்க் மூலம் சமாளிக்கலாம். வாங்குவதற்கு முன்பே போர்டின் மேனுவலைப் புரட்டி இந்த வசதி இருக்கிறதா என்று பார்ப்பது பத்து நிமிட வேலை. அது ஒரு வார இறுதியை மிச்சப்படுத்தும்.

அடுத்தது யுஎஸ்பி. ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட்டுகள் என்பது மேக்ஓஎஸ்ஸின் வரம்பு. 15 தாராளம்தானே என்று தோன்றும். ஆனால் ஒரு யுஎஸ்பி 3 துளை இரண்டு போர்ட்டாகக் கணக்காகும், பழைய வேகத்துக்கு ஒன்று, புதிய வேகத்துக்கு ஒன்று. கேபினெட்டின் முன்பக்கத் துளைகள், உள்ளே இருக்கும் புளூடூத் எல்லாம் இதே கணக்கில்தான் வரும். எந்தத் துளை வேண்டும், எது வேண்டாம் என்று மேப் போடாமல் விட்டால், ஸ்லீப் போன கம்ப்யூட்டர் தானாக எழுந்துகொள்வது, பென்டிரைவ் தெரியாமல் போவது என்று விநோதங்கள் தொடங்கும். துளைகள் அதிகமுள்ள போர்டு என்பது இங்கே பெருமை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆப்பிள் பிராண்ட் கம்ப்யூட்டரில் மட்டுமே நிறுவலாம் என்கிறது மேக்ஓஎஸ் உரிம ஒப்பந்தம். ஹேக்கின்டாஷ் அந்த நிபந்தனையை மீறுகிறது, இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. மேக்ஓஎஸ் போட்ட பிசிக்களை விற்ற அமெரிக்காவின் சைஸ்டார் நிறுவனம் மீது 2008இல் ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 2009இல் ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது, 2011இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. வீட்டில் கற்றுக்கொள்ளப் போட்டுப் பார்ப்பது ஒன்று. கிளையன்ட் வேலையை, அலுவலக வேலையை இதன் மேல் ஏற்றுவது வேறு.

இப்போது செலவு செய்யலாமா?

ஒரு காலத்தில் கணக்கு ஹேக்கின்டாஷ் பக்கம் இருந்தது. மேக் விலையில் பாதிக்கு, அதைவிட வேகமான கம்ப்யூட்டரைக் கட்ட முடிந்தது. வீடியோ எடிட்டர்களும் ஐபோன் ஆப் எழுதுபவர்களும் இதைத் தேடிப் போனதில் நியாயம் இருந்தது. 2024 இறுதியில் 16 ஜிபி ரேமுடன் எம்4 மேக் மினி இந்தியாவில் ரூ.59,900க்கு வந்தபோது அந்தக் கணக்கு உடைந்துவிட்டது. போர்டு, ப்ராசசர், ரேம், ஏஎம்டி கார்டு, எஸ்எஸ்டி, பவர் சப்ளை என்று ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தால் மிச்சம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அதில் உட்கார்ந்து சரிசெய்யும் இரவுகளுக்கு விலையே போடவில்லை.

ஆப் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆப் ஸ்டோருக்கு அனுப்ப ஆப்பிள் காலத்துக்குக் காலம் புதிய எக்ஸ்கோடைக் கேட்கிறது. புதிய எக்ஸ்கோடு புதிய மேக்ஓஎஸ்ஸைக் கேட்கும். டாஹோவோடு நின்றுவிட்ட கம்ப்யூட்டர் எத்தனை நாள் அந்த ஓட்டத்தில் நிற்கும்?

ஆக, சம்பளம் வரும் வேலைக்காக இன்று புதிதாகக் காசு போட்டு ஹேக்கின்டாஷ் கட்டுவது வீண். ஆனால் 8 முதல் 10ஆம் தலைமுறை வரையிலான இன்டெல் பிசி வீட்டில் ஏற்கெனவே இருந்தால் கதை வேறு. கையில் இருக்கும் போர்டின் சிப்களைப் பட்டியல் போட்டு, பயாஸைத் திருத்தி, யுஎஸ்பி மேப் போட்டு, அது மேக்காக எழுந்து நிற்பதைப் பார்ப்பதில் கிடைக்கும் பாடம் எந்த கோர்ஸிலும் கிடைக்காது. ஒரு கம்ப்யூட்டர் எப்படி பூட் ஆகிறது என்பது அதில் வரிவரியாகப் புரியும்.

அப்படி இறங்குபவர்கள் இரண்டு பழக்கங்களை மட்டும் விடக் கூடாது. விண்டோஸும் முக்கியக் கோப்புகளும் இருக்கும் டிஸ்கைத் தொடாமல் மேக்ஓஎஸ்ஸுக்குத் தனி எஸ்எஸ்டி ஒதுக்க வேண்டும். நன்றாக ஓடும் ஓபன்கோர் ஃபோல்டரின் நகல் ஒன்று எப்போதும் பென்டிரைவில் இருக்க வேண்டும். பயாஸ் அப்டேட் செய்த மறுநாள் காலை சிஎஃப்ஜி லாக் மறுபடி விழுந்து கம்ப்யூட்டர் முரண்டுபிடித்தால், கைகொடுக்கப்போவது அந்த பென்டிரைவ்தான்.