நஞ்சை நிறுத்தினால் வேலை போகுமாம்!

தோட்டத்தில் நஞ்சைப் பற்றி யார் வாய் திறந்தாலும் நிர்வாகத்தின் பக்கமிருந்து ஒரே பதில்தான் வருகிறது. "மருந்தை நிறுத்தினால் செலவு ஏறும், செலவு ஏறினால் தோட்டம் நொடிக்கும், தோட்டம் நொடித்தால் உங்களுக்குத்தான் வேலை போகும்!" நம் பாட்டன் கூலி உயர்வு கேட்டபோதும் இதே பூச்சாண்டியைத்தான் காட்டினார்கள். இது மெய்தானா என்று ஏட்டைத் திறந்து பார்த்துவிடுவோம். கணக்குப் பார்ப்பது கிராணிகளின் தொழில் அல்லவா?

முதல் கணக்கு, நமது ரப்பர் ஆலையின் கழிவுநீர். பாலில் ஃபார்மிக் அமிலம் ஊற்றி உறைய வைக்கிறோம். ரப்பர் திரண்டபின் மிஞ்சுகிற புளித்த நீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கின்றன. பாலைப் பாலாகவே கெட்டிப்படுத்தும் ஆலைகளில் அமோனியாவும் சேர்கிறது. இதை அப்படியே ஆற்றில் விட்டால் நுண்ணுயிர்கள் அந்தச் சத்தைத் தின்று பெருகி, தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடுகின்றன. மீன் மூச்சு முட்டிச் சாகிறது. ஆறு கறுத்து நாறுகிறது. 1970-களின் நடுப்பகுதிவரை ரப்பர் ஆலைகளும் செம்பனை ஆலைகளும் இந்நாட்டின் ஆறுகளை இப்படித்தான் பாழாக்கின.

பிறகு சட்டம் வந்தது. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977-ல் செம்பனை ஆலைகளுக்கும், 1978-ல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் பிறந்தன. உரிமம் இல்லாமல் ஆலை ஓட்டக்கூடாது. கழிவு இன்ன அளவுக்குமேல் போகக்கூடாது என்று கட்டளை. முதலாளிமார் என்ன செய்தார்கள்? குளம் வெட்டினார்கள், கழிவைத் தேக்கி நொதிக்க வைத்து, தெளிந்தபின் விட்டார்கள். செம்பனை எண்ணெய் உற்பத்தி ஏறிக்கொண்டே போயிற்று. ஆற்றில் விழுந்த கழிவோ இறங்கிற்று. ரப்பர் தோட்டங்கள் பிற்காலத்தில் சுருங்கியது உண்மைதான். ஆனால் அவை சுருங்கியது செம்பனையின் லாபத்தாலும், நிலத்தை விற்று வீடும் தொழிற்பேட்டையும் எழுப்பியதாலுமே ஒழிய, கழிவுக்குளம் வெட்டியதால் அல்ல!

இரண்டாம் கணக்கு, பாராகுவாட். 1962-ல் சந்தைக்கு வந்த இந்தக் களைக்கொல்லியை நம் பெண்கள் முதுகில் தோம்பு சுமந்து அடித்தார்கள். தோம்பு ஒழுகி முதுகு வெந்தது. மூக்கில் இரத்தம் வடிந்தது, நகம் கழன்றது, கண் எரிந்தது. வாய்வழி உள்ளே போனால் நுரையீரலை இறுகச் செய்து உயிரைக் குடிக்கும். அதற்கு முறிமருந்து இன்றுவரை இல்லை. 2002-ல் 'தெனாகனித்தா' அமைப்பு மருந்தடிக்கும் பெண்களின் நிலையை அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டில் அரசின் பூச்சிமருந்து வாரியம் இந்த நஞ்சைப் படிப்படியாக ஒழிப்பதாக அறிவித்தது. ஆனால் 2006-ல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத்தடை வந்தது 2020 ஜனவரி 1-ல்தான்! இடையில் போன 18 ஆண்டுகள் யாருடைய ஆண்டுகள்? துரைமார் தோம்பு சுமக்கவில்லை. சுமந்தவள் நம் தாய். சுமந்தவள் நம் சகோதரி!

தடை வந்தபின் தோட்டங்கள் நொடித்தனவா? பாராகுவாட் இல்லாத காரணத்தால் மூடிய தோட்டம் ஒன்றைக் காட்டட்டும் பார்ப்போம்! நம்மைப் போலவே தோட்டத்து மக்கள் வாழும் இலங்கை, 2008 முதல் 2011-க்குள் இதைத் தடை செய்தது. அங்கே நஞ்சருந்திச் செத்தவர் தொகை குறைந்தது, விளைச்சல் குறையவில்லை.

இனி ஏட்டின் மறுபக்கத்தைப் புரட்டுவோம். நஞ்சைத் தடுக்காவிட்டால் வருகிற செலவு எவ்வளவு? இதற்கு வெகுதூரம் போக வேண்டாம். நமது ஜொகூர் மாநிலமே சாட்சி. 2019 மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொண்டுவந்து கொட்டினார்கள். மார்ச் 7-ல் அருகிலிருந்த பள்ளிப் பிள்ளைகள் வாந்தியெடுத்து மூச்சுத் திணறினார்கள். சில நாட்களில் 2,700-க்கு மேற்பட்டோர் சிகிச்சைக்குப் போனார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு ஜூனில் அதே வட்டாரத்தில் மறுபடியும் பிள்ளைகள் மயங்கி விழ, 475 பள்ளிகள் மூடப்பட்டன. தோட்டத்தை விட்டுப் போய் மாசாயிலும் பாசிர் கூடாங்கிலும் குடியேறிய நம் உறவினர்களும் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார்கள். கழிவை முறைப்படி அழிக்கும் செலவை மிச்சம் பிடித்தவன் ஒருவன். அந்தச் செலவைத் தன் நுரையீரலால் கட்டியது ஊரார் பிள்ளை! அதற்குப் பிறகு 2024-ல்தான் இச்சட்டத்தின் உச்ச அபராதம் 1 கோடி வெள்ளியாக உயர்ந்தது. பிள்ளைகள் விழுந்தபின்தான் சட்டம் எழுந்திருக்க வேண்டுமா?

"தொழிலாளியின் கவனக்குறைவு" என்பது அவர்களின் இரண்டாவது பாட்டு. கையுறை போடவில்லையாம், முகமூடி கட்டவில்லையாம். காலை பத்து மணி வெயிலில் ரப்பர் உடுப்பும் முகமூடியும் அணிந்து, மேடும் பள்ளமும் ஏறி, கொடுத்த ஏக்கரை முடிக்க முடியுமா என்று அப்படிப் பேசுகிறவரே ஒருநாள் தோம்பைச் சுமந்து பார்க்கட்டும்! அப்புறம் பேசட்டும்!

பாராகுவாட் போய்விட்டது, ஆனால் ஸ்டோரில் இன்னும் தோம்புகள் இருக்கின்றன. இன்று அடிப்பது கிளைபோசேட். புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015-ல் வகைப்படுத்திய மருந்து. இன்று தோம்பு சுமக்கிறவர்களில் பலர் வங்காளதேசத் தோழர்கள், இந்தோனேசியத் தோழர்கள். அவர்கள் நுரையீரலும் நம் நுரையீரலும் ஒன்றே.

ஆகவே நமது கோரிக்கைகள் இவை:

1. ஸ்டோரிலுள்ள ஒவ்வொரு மருந்தின் பெயரும் அதன் தீங்கும், அடிக்கிறவர் படிக்கக்கூடிய மொழியில் பெரட்டுக்களத்தில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

2. 40 பேருக்குக் குறையாத இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம். அந்தக் குழுவில் மருந்தடிக்கும் பெண் ஒருவர் உட்கார வேண்டும்.

3. மருந்தடிப்போருக்கு நிர்வாகச் செலவில் மருத்துவச் சோதனை நடக்க வேண்டும். முடிவு அவரவர் கையில் தரப்பட வேண்டும்.

4. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சம்பளக் குறைப்பின்றி வேறு வேலை தரப்பட வேண்டும்.

5. உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதும் தொழிலாளி, சொல்லியும் நிர்வாகம் கவனிக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகலாம் என்று 2024 ஜூன் 1 முதல் சட்டம் உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தும் எவர்மீதும் கை வைக்க விடக்கூடாது.

இவை அனைத்தும் அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் எழுத்தில் ஏற வேண்டும். வாய்ச்சொல் வேண்டாம்!

கிராணித் தோழர்களுக்குத் தனியாக ஒரு சொல். எத்தனை லிட்டர் வெளியே போயிற்று என்று தினமும் எழுதுகிறோம். அது யார் முதுகில் போயிற்று, யார் நோயில் விழுந்தார் என்பதையும் தேதி போட்டு எழுதி வைப்போம். நாளை வழக்காடு மன்றத்தில் பேசப்போவது அந்த ஏடுதான்.

நஞ்சை நிறுத்தினால் வேலை போகாது, தோழர்களே. நிறுத்தாவிட்டால் வேலை செய்கிறவன் போய்விடுவான். ஒன்றுபடுவோம், எழுத்தில் வாங்குவோம்!